தட்டாதபோது வந்த சத்தம்

இரவு எட்டு மணி. அண்ணனூர் ரயில் பணிமனைச் சுவரை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் நீளச் சுவர். மறுபக்கம் சீமைக் கருவேலம் மண்டிய காலி மனைகள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. டில்லிபாபு வண்டியில் தனியாக வந்துகொண்டிருந்தான்.

சாலை முழுக்கப் பூ.

சாவு ஊர்வலம் போனால் இந்தப் பக்கம் வழியெல்லாம் பூ இறைத்துக்கொண்டு போவார்கள். அதில் அதிசயம் இல்லை. ஆனால் முன்னால் பறைச் சத்தம் இல்லை. வெடி இல்லை. ஒரு மனித முகம் இல்லை. மழையில் ஊறிய தார்ச் சாலையின் மேல் பூ மட்டும் நனையாமல் கிடந்தது... யாரோ அந்த நிமிடம்தான் கிள்ளிப் போட்டதுபோல. சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது எங்கள் வாசல் வரைக்கும். நசுங்கின சாமந்தி வாசனை. நான்தான் துடைப்பத்தால் தள்ளினேன்.

போன மாதம் புயல் மழையில் மின்சாரம் போன இரவு, இப்போது நான் இருக்கும் அடுக்ககத்தின் மாடிப்படியில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. மூன்றாவது மாடி ஜோதிகா இந்தக் கதையைத்தான் சொன்னாள். தன் தோழியின் சித்தி மகனுக்கு நடந்ததாம். அவன் கிட்டாரில் பேய் புகுந்ததாம், தந்தி தானாக அதிர்ந்ததாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது, "கிட்டாரில் இல்லை. தந்தி அதிரவும் இல்லை," என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று படிக்கட்டில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நிர்மல் என் கணவன். தூத்துக்குடிக்காரன். இருவருக்கும் கணினி நிறுவனத்தில் வேலை. சேக்காட்டில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கிட்டார் வாசிப்பான். அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எக்கோ வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஒரு தந்தியைத் தட்டினால் அது கோவில் கூரை வரை போய்ப் போய்த் திரும்பி வர வேண்டும். அதற்குக் காலால் மிதிக்கிற ஒரு பெட்டி இருக்கிறது, பெடல் என்பார்கள். கடையில் வாங்கலாம். அவன் தானே செய்வேன் என்று உட்கார்ந்தான். சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர், ஈயம், கண்டென்சர். வீடு பூராவும் ஈயம் உருகுகிற வாசனை.

பெட்டி தயாரானது. சுவிட்சை மிதித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தம் வரவில்லை.

மிதிக்காமல் விட்டால் கிட்டார் ஒழுங்காகக் கேட்டது. மிதித்தால் ஊமை. பேட்டரியை மாற்றினான். பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றவைத்தான். ஊமைதான். கடைசியில் டில்லிபாபுவைக் கூப்பிட்டான். டில்லிபாபு அண்ணனூரிலேயே பிறந்து வளர்ந்தவன். சபையின் ஒலிபெருக்கியெல்லாம் அவன்தான் பழுது பார்ப்பான். கும்பிடுகிற சாமி வேறு, ஆனால் எங்கள் பாடகர் குழுவுக்கு அவன் இல்லாமல் ஞாயிறு விடியாது.

"இன்னா நிர்மலு, ஊமப் பொட்டி இன்னும் வாய தொறக்கலியா?"

"நக்கல் அடிக்காத டில்லி. லைட்டு எரியுது. சத்தந்தான் இல்ல."

"லைட்டு எரியுதுல்ல, அப்பால இன்னா மாமே? ஸ்டார் உள்ள வெச்சி சர்ச் வாசல்ல மாட்டிடு."

சிரித்துக்கொண்டே ஒரு ஒயரை எடுத்தான். அதன் நுனியில் ஒரு கண்டென்சர், மறுமுனை ஒரு சின்ன ஸ்பீக்கரில். ஒருவர் கிட்டாரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் ஒயர் நுனியால் பெட்டிக்குள் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எதுவரை சத்தம் வருகிறதோ அதுவரை உயிர் இருக்கிறது. எங்கே நிற்கிறதோ அங்கே கோளாறு. தட்டுகிற வேலை எனக்கு.

"நிறுத்தாம தட்டுங்க அண்ணி. நீங்க நிறுத்திட்டா எது செத்துச்சின்னே தெரியாது."

தட்டினேன். ஐசி வரைக்கும் சத்தம் வந்தது. ஐசிதான் சத்தத்தை உள்ளே வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து, திரும்பத் திரும்பச் சொல்கிற பொருள். விரல் நுனி அளவு. இரண்டு பக்கமும் கால் முளைத்த கறுப்புப் பூச்சிபோல் இருக்கும். அதன் உள்ளே போகிற காலில் சத்தம் இருந்தது. வெளியே வருகிற காலில் இல்லை.

"ஐசி காலி. வேற ஒன்னு கீது எங்கைல. எட்தாறேன்," என்று போனான். அதை எடுத்துக்கொண்டு வரும்போதுதான் அந்தச் சாலை. அந்தப் பூ.

புது ஐசியைப் பொருத்தினார்கள். நான் மறுபடி தட்டினேன். உள்ளே போகிற காலில் சத்தம். வெளியே வருகிற காலில்... ஒன்றும் இல்லை.

"இதுவும் போச்சா?" என்றான் நிர்மல்.

அடுப்பில் பால் பொங்குகிற வாசனை. கிட்டாரைச் சோபாவில் சாய்த்துவிட்டு ஓடினேன். அடுப்பை அணைத்தேன்.

அப்போது ஸ்பீக்கரில் கேட்டது.

டண்... டட்டண்... டண். டண்... டட்டண்... டண்.

திரும்பி வந்தேன். இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒயர் நுனி ஐசியின் வெளிக்காலில் இருந்தது. சட்டியைக் கவிழ்த்து விரலால் தட்டுவதுபோல் தாளம். எங்கோ தூரத்துத் தெருவில் கேட்பதுபோல்.

"ரேடியோ," என்றான் நிர்மல். "ஆவடி டவர் பக்கத்துல இருக்குல்லா. இந்த மாதிரிப் பெட்டி அதப் பிடிச்சிரும்."

கிட்டார் ஒயரைப் பிடுங்கினான். தாளம் நிற்கவில்லை. சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் கவிழ்த்தான். ரேடியோ என்றால் அதில் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை. பக்கத்தில் வந்ததுபோல் ஆனது. ஒயரை மறுபடி சொருகி என்னைத் தட்டச் சொன்னான். ஒரு தந்தியைத் தட்டினேன். தாளம் சட்டென்று நின்றது... நாம் குறுக்கே பேசினால் ஒரு மனிதர் பேச்சை நிறுத்துவாரே, அப்படி. கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

ஈய வாசனை போய்விட்டிருந்தது. வீட்டுக்குள் சாமந்தி. அதோடு ஊதுவத்தி.

டில்லிபாபு அந்த ஐசியையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"டில்லி, இந்த ஐசி எங்க கிடைச்சுது?" என்றேன்.

"எங்க மாமா செட்டுலந்து புடுங்கினேன் அண்ணி. போன வருசம் பூட்டாரே... துலுக்கானம் மாமா. அவரு மைக் செட்டு பரண் மேல கெடந்துச்சி. எக்கோ போர்டுல இதே ஐசிதான். சும்மாதான கீதுன்னு..."

"என்ன பாடுவார்?"

"சாவூட்டு கானா."

எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. இங்கே சென்னையில், இறந்தவரை வீட்டில் வைத்திருக்கும் இரவில் பாட்டுக்காரரை அழைப்பார்கள். விடிய விடியப் பாடுவார். இறந்தவர் பெயரையும் அவர் வீட்டு ஆட்கள் பெயரையும் பாட்டில் கோத்துப் பாட வேண்டும். அப்படிப் பாடினால்தான் அழ முடியாமல் இறுகிப்போய் இருப்பவர்களும் அழுவார்கள்.

"துலுக்கானம்னா அண்ணனூர்லந்து குமணன்சாவடி வரிக்கும் தெரியும் அண்ணி. செட்டு தூக்கிகினு நானும் போவேன். மொதல்ல அழுவுறவங்க பேரு வரும். ஒவ்வொருத்தரா. செத்தவங்க பேர கடைசிலதான் உடுவாரு. அந்தப் பேருக்கு மட்டுந்தான் எக்கோவ ஏத்துவாரு. பேரு தெரு மொன வரிக்கும் போய்ட்டு வரணும்னுவாரு. மத்த நேரம் எக்கோவே கெடையாது." மேசைமேல் இருந்த பெட்டியைக் காட்டினான். "இந்த ஐசி செத்தவங்க பேரத் தவிர வேற எதையும் வாங்கினதே இல்ல."

அவன் சொல்லி முடிக்கவும் தாளத்தின் மேல் குரல் ஏறியது. கரகரத்த, வயதான குரல். இழுத்து இழுத்துப் பாடியது.

"மாமா," என்றான் டில்லிபாபு. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"...கடலோரம் விட்டு வந்த வசந்தா அழுவுது..."

வசந்தா என் மாமியார். தூத்துக்குடியில் இருப்பவர். டில்லிபாபு அவரைப் பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாது.

"...காலு ரெண்டும் தள்ளாடி ஜெபா அழுவுறான்..."

ஜெபா என் தம்பி.

என் மாமியாரும் என் தம்பியும் சேர்ந்து அழ வேண்டிய சாவு இந்த உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று நிர்மலுடையது. இன்னொன்று என்னுடையது. அடுத்து வரப்போவது துணையின் பெயர். அழுகிறவர் வரிசையில் யார் பெயர் வருகிறதோ அவர் பிழைத்தார். அது மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

நிர்மல் சின்ன ஸ்பீக்கரில் ஹெட்போனைச் சொருகிக் காதில் மாட்டிக்கொண்டான். எனக்குச் சத்தம் நின்றுவிட்டது.

"நிர்மல், எனக்கும் கொடு."

கையைக் காட்டித் தடுத்தான். ஒயர் நுனியை எடுக்கவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதில் ஒன்றும் இல்லை. பிறகு... தலையை மெல்லத் தூக்கி என்னைப் பார்த்தான். ரயிலேற்றிவிட வந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு பார்வை. ஹெட்போனைக் கழற்றினான்.

"யாரு?"

"சிக்னல் போயிட்டு," என்றான்.

"பொய் சொல்லாத. யாரு பேரு?"

"கேக்கல சபீ. இரைச்சல்தான்."

டில்லிபாபு கை கூப்பாத குறை. "நைனா, அத்த கயிட்டிக் குடு. எட்துகினு போய் மாமா சமாதியாண்டயே பொதைச்சிட்றேன். கெஞ்சிக் கேக்குறேன்."

"ஐசிக்குள்ள பேய் இருந்தா அதுக்கு ஜிஎஸ்டி போடுவாங்க. போய்ப் படு டில்லி," என்று சிரித்து அனுப்பிவைத்தான் நிர்மல். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

அதற்குப் பின் வந்த நாட்களை நான் சரியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவற்றைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். என்னை மின்சார ரயிலில் ஏற விடவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார் என்றான். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எரிவாயு அடுப்பை அவன்தான் பற்றவைத்தான். துணி காயப்போட மாடிக்குப் போனால் பின்னாலேயே வந்தான். தனக்கு நாள் நெருங்கிவிட்டது என்று நினைத்துத்தான் என்னைப் பிரியாமல் இருக்கிறான் என்று எண்ணினேன். இரவில் அவன் தூங்கியபின் மார்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஒருவர் மூச்சை ஒருவர் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

"உன் பேருதான? சொல்லிரு நிர்மல். மலையாங்குளம் போதகர் ஐயர்கிட்ட ஜெபத்துக்குப் போவோம்," என்று ஒருநாள் அழுதேன்.

"என் பேரு இல்ல," என்றான். அதை நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது சபையின் மைக் ஒன்றைக் கொண்டுவந்தான். மதியம் பெட்டியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். உள்ளே அவன் குரல் தாழ்ந்து கேட்டது. பாட்டுபோல் இருந்தது. வார்த்தை புரியவில்லை. கதவைத் தட்டினேன்.

"மைக் டெஸ்ட் பண்ணுதேன். அஞ்சு நிமிஷம்."

வெளியே வந்தபோது வியர்த்திருந்தான். ஆனால் பல நாளுக்குப் பின் முகம் தெளிந்திருந்தது. பெட்டியின் மூடியைப் போட்டு, திருகுகளை இறுக்கினான். ஒவ்வொன்றாக, நிதானமாக.

"சத்தம் வருதா?" என்றேன்.

"வருது. சரியாயிட்டு. இனி ஒண்ணும் இல்ல சபீ. நாளைக்கு நீ ஆபீசுக்குப் போ. ரயில்லயே போ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். மீன் வறுத்தேன். இரண்டு துண்டு அதிகமாகச் சாப்பிட்டான். முள் எடுத்து எனக்கும் ஊட்டினான். பிறகு சோபாவில் படுத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். மாலை தேநீர் போட்டு எழுப்பப் போனேன்.

கை குளிர்ந்திருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்த நோயும் இல்லாதவன். மாமியார் ஊரிலிருந்து வந்தார். ஜெபா கால் தள்ளாடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் அழவில்லை. அழுகை எங்கோ அடைத்துக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து, உறவினர்கள் ஊருக்குப் போனபின், டில்லிபாபுவை வரச் சொன்னேன். அந்தப் பெட்டியில் நிர்மல் கடைசியாக என்ன கேட்டான் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். வேண்டாம் அண்ணி, வேண்டாம் அண்ணி என்று வாசலிலேயே நின்றான். அவனை உள்ளே இழுத்து மேசை முன் உட்காரவைத்தேன். பட்டப்பகல். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தேன்.

திருகுகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான். அப்படியே என்னைப் பார்த்தான்.

"இதுல பேட்டரியே இல்லியே அண்ணி."

"தொட்டுப் பாரு."

ஸ்பீக்கரை மட்டும் போட்டான். ஒயர் நுனியை உள்ளே போகிற காலில் வைத்தான். ஒன்றும் இல்லை. வெளியே வருகிற காலில் வைத்தான்.

தாளம் இல்லை. மூச்சு விடுகிற சத்தம். பிறகு ஒரு குரல், கூச்சத்தோடு, அந்த மெட்டில் பாடத் தெரியாமல் பாடியது. கீர்த்தனை பாடிப் பழகிய குரல்.

"வசந்தா அழுவா... ஜெபா அழுவான்... சபீனா அழுவா... என் சபீனா அழுவா..."

பிறகு அவன் பெயரை அவனே சொன்னான். நிர்மல். அது போய்ப் போய்த் திரும்பி வந்தது. நிர்மல்... நிர்மல்... நிர்மல்... அவன் ஆசைப்பட்ட மாதிரியே, கூரை வரைக்கும் போய்.

அன்று ஹெட்போனில் அவன் கேட்டது யார் பெயர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை அழித்துவிட்டு அதே இடத்தில் தன் பெயரை வைத்திருக்கிறான். அழுகை அந்த நிமிடம்தான் உடைந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். டில்லிபாபுவும் அழுதான். ஒயரை எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

எக்கோ தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். வயதான, கரகரத்த குரல். இந்த முறை பாடவில்லை. பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல், சாதாரணமாகக் கேட்டது.

"அவ்ளோதானா நைனா? ஊட்ல வேற யார்னா கீறாங்களா?"

டில்லிபாபுவின் அழுகை நின்றது. சாவு வீடுகளில் உறவுக்காரர்களிடம் பெயர் விசாரித்து மாமா காதில் சொல்வது சிறு வயதிலிருந்து அவன் வேலை. மாமா கேட்டால் அவன் வாய் தானாகச் சொல்லும். கண் எங்கோ வெறிக்க, வாயைத் திறந்தான். இனி அந்த ஐசி வாங்கப்போகிற பெயர் அடுத்த சாவுடையது.

பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். இரண்டு கையாலும், பலமெல்லாம் சேர்த்து. அவன் என்னை அண்ணி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் உள்ளங்கைக்குள் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அசைந்தது என் பெயருக்கு.